மவுல்பிரான் மடாலய ஊரை ஒரு நாளில் பார்ப்பது எப்படி

தெற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்கும் கார்ல்ஸ்ரூவே நகருக்கும் இடையே, ஏறக்குறைய 6,500 பேர் வாழும் சிற்றூர் மவுல்பிரான். சிஸ்டெர்சியர் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1147ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய மடாலயம் 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, துறவியர் அமைத்த ஏரிகளும் வாய்க்கால்களும் கட்டடங்களுக்கு நிகராக மதிக்கப்பட்டன. எனவே தண்ணீர் வந்த வழியே நடந்து இவ்வூரைப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

மியூலாக்கர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் வந்து சேர்ந்ததும், மடாலயத்துக்குள் நுழைவதை ஒத்திவைத்துவிட்டு, சற்று மேட்டில் இருக்கும் 'ஆழ ஏரி'க்குச் செல்லுங்கள். இன்று கோடையில் மக்கள் நீந்திக் களிக்கும் இந்த ஏரி, துறவியர் ஏற்படுத்திய நீர்நிலைகளில் ஒன்று. விலங்கிறைச்சி உண்ணத் தடை இருந்த அவர்களுக்கு மீன் வளர்க்கவும், ஆலைகளை இயக்கவும், நிலத்துக்குப் பாய்ச்சவும் இத்தகைய நீர்நிலைகளே உதவின.

அங்கிருந்து இறங்கி மதிலுக்குள் வந்தால் பெரிய வெளிமுற்றம். இதைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. தேவாலயத்தையும் உட்பகுதியையும் காணத்தான் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். பழைய பண்ணைக் கட்டடங்களில் இன்று நகர மன்றமும் உணவகங்களும் இயங்குவதால், மடாலயம் ஊருக்குள் இருக்கிறதா, ஊர் மடாலயத்துக்குள் இருக்கிறதா என்ற ஐயம் எழுவது இயல்பே.

1178இல் அருட்பொழிவு செய்யப்பட்ட தேவாலயத்தின் முன்மண்டபத்துக்குச் 'சொர்க்கம்' என்று பெயர். சுமார் 1220இல் கட்டப்பட்ட இது, ஜெர்மன் மண்ணில் கோதிக் எனப்படும் கூர்வளைவுக் கட்டடப் பாணி காலூன்றத் தொடங்கியதைக் காட்டும் அரிய சான்று என்பதால், இதன் கமான்களை நிதானமாகப் பாருங்கள். உள்ளே குறுக்கே நிற்கும் கல் தடுப்பு, ஓதும் துறவியரையும் உழைக்கும் பொதுநிலைச் சகோதரர்களையும் வழிபாட்டிலும் பிரித்து வைத்தது. அதன் அருகே 1473ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் சிலுவைச் சிற்பம் உள்ளது.

அதிக நேரத்தை ஒதுக்க வேண்டிய இடம், உள்முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரமும் அதன் வடபுறத்தில் உள்ள நீரூற்று மண்டபமும்தான். உணவறைக்குள் நுழையும் முன் துறவியர் கைகழுவிய இடம் இது. மூன்றடுக்குத் தொட்டியில் அடித்தொட்டி மட்டுமே பழையது. மேலடுக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. பெரும்பாலான புகைப்படங்களில் இந்த மேலடுக்குகளே முன்னிற்பது சிறு வேடிக்கை. எதிரே இருக்கும் துறவியர் உணவறையில் பருத்த தூணும் மெலிந்த தூணும் மாறி மாறி நிற்பதைக் கவனியுங்கள். அருகில் உள்ள வெப்ப அறையில், கீழே நெருப்பு மூட்டி, தரைத் துளைகள் வழியாக வெப்பக் காற்றை மேலே வரச்செய்தார்கள்.

இத்தனையும் இடிபடாமல் நிலைத்ததற்குக் காரணம், புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் வூர்ட்டெம்பெர்க் கோமகன் கிறிஸ்டோஃப் 1556இல் இங்கே பள்ளி தொடங்கியதாகும். வானியலாளர் கெப்ளரும் கவிஞர் ஹோல்டர்லினும் இங்கே பயின்றார்கள்; 1891இல் சேர்ந்த எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே சில மாதங்களிலேயே தப்பியோடினார். இன்றும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி இங்கே நடப்பதால், அவர்களுடைய பகுதிக்குள் எட்டிப்பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மதிய உணவுக்கு, மாவுக்குள் இறைச்சி பொதிந்து செய்யும் மவுல்டாஷன் என்ற பண்டத்தைக் கேளுங்கள். நோன்புக் காலத்தில் இறைச்சியை இறைவனின் பார்வையிலிருந்து மறைப்பதற்காக இங்கிருந்த துறவியர் அதை மாவுக்குள் பொதிந்தார்கள் என்பது செவிவழிக் கதை. வரலாறாக அதைக் கொள்ள வேண்டியதில்லை. ஃபாவுஸ்ட் கோபுரத்தில் மந்திரவாதி ஃபாவுஸ்ட் பொன் செய்ய முயன்றார் என்ற கதையும் அவ்வாறே. கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். ஃபாவுஸ்டைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர்க்குப் பக்கத்து ஊரான க்னிட்லிங்கனில் அருங்காட்சியகமே உண்டு.

மாலை வெயில் தணிந்ததும் துறவியர் தொடங்கிவைத்த திராட்சைத் தோட்டச் சரிவுப் பக்கம் நடந்து வரலாம். ஆனால் மியூலாக்கருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு.