செம்பு உருக்காலைத் தூசி: மறுசுழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பு உருக்கும் உலையில் புகையோடு வெளியேறும் தூசியிலும் செம்பு கணிசமாக இருக்கும். அப்படியே உலையில் திருப்பிப் போடுவதுதான் எளிய வழி, பல ஆலைகளின் வழக்கமும் அதுதான். ஆனால் ஆர்செனிக், காரீயம், பிஸ்மத், துத்தநாகம் எல்லாம் உலைச் சூட்டில் ஆவியாகி மறுபடி தூசிக்கே வந்து சேரும். சுற்றச் சுற்ற அவற்றின் அளவு ஏறும், கொஞ்சம் ஆனோடுக்குள்ளும் (உருக்கி வார்த்து, மின்பகுப்புச் சுத்திகரிப்புக்கு அனுப்பும் செம்புத் தகடு) புகுந்துவிடும். தூசியில் ஒரு பங்கையாவது இந்தச் சுற்றிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும்.

எந்தப் பங்கை எடுப்பது? இங்கேதான் அடுத்த தவறு: எல்லாத் தூசியையும் ஒரே குவியலாகச் சேர்ப்பது. உலைப்புகையின் வெப்பத்தை மீட்கும் கொதிகலனில் படிவது பெரும்பாலும் கொரகொரப்பானது, உலைக்கே திரும்பலாம். மின்புலத் தூசிப் பிடிப்பானில் விழுவது மென்தூள். ஆவியாகும் நஞ்சுகள் அதில்தான் அதிகம், அதைத்தான் தனியே கரைக்க வேண்டும்.

கரைப்பதற்கு முன் மொத்தச் செம்பு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால் போதாது. சல்பேட்டாக இருக்கும் செம்பு தண்ணீரிலேயே கரையும், ஆக்சைடுக்கு நீர்த்த கந்தக அமிலம் வேண்டும், சல்ஃபைடு அதற்கும் எளிதில் மசியாது. காரீயம் சல்பேட்டாகக் கசடிலேயே தங்கிவிடும்.

சரி, செம்பு கரைசலுக்கு வந்துவிட்டது. பழைய இரும்பைப் போட்டால் செம்பு படியும் என்பது பலருக்கும் தெரிந்த வித்தை. இந்தக் கரைசலில் அதைச் செய்யவே கூடாது. ஆர்செனிக் கலந்த அமிலத்தில் இரும்பு, துத்தநாகம், அலுமினியம் எது பட்டாலும் ஆர்சின் வாயு கிளம்பலாம். நிறமில்லாத அந்த வாயு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து உயிரையே எடுக்கும். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகலாம். துத்தநாகப் பூச்சுள்ள வாளிகூட அருகில் இருக்க வேண்டாம். கரைப்பான் மூலம் செம்பைப் பிரித்தெடுத்து, பிறகு மின்பகுப்பில் படியவைப்பது நல்லது. ஆர்செனிக் கலந்த கரைசலை நேரடியாக மின்பகுத்தால், செம்பு தீரும் தறுவாயில் அங்கேயும் ஆர்சின் உருவாகும்.

கடைசித் தவறு: கரைசலில் மிஞ்சும் ஆர்செனிக்கைச் சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கிப் புதைத்துவிடுவது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கால்சியம் ஆர்செனேட்டை மெல்லச் சிதைக்கும், நஞ்சு மறுபடி நீரில் இறங்கும். மூவிணைதிற ஆர்செனிக்கை முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றால் ஐந்திணைதிறமாக ஆக்சிஜனேற்றி, ஃபெரிக் இரும்போடு ஸ்கோரோடைட் (இரும்பு ஆர்செனேட்) படிகமாக்கினால் கசிவு மிகவும் குறையும். அந்தப் படிகத்தையும் சுண்ணாம்புச் சேற்றோடு ஒரே குழியில் கொட்டாதீர்கள், காரச் சூழலில் அது தாங்காது.