பணியிலிருக்கும் நீதிபதிகளுக்கு ஒரு முதுநிலைப் பட்டப் படிப்பை அமைக்கும் முறை

இந்தியாவில் நீதித்துறை அலுவலர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. பணியில் சேர்ந்தவுடன் தொடக்கப் பயிற்சி, பிறகு மாநில நீதித்துறை அகாடமி சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ நடத்தும் இரண்டு மூன்று நாள் வகுப்புகள், சிலருக்குப் போபாலில் உள்ள தேசிய நீதித்துறை அகாடமியின் அழைப்பு என அவை வந்துகொண்டேதான் இருக்கின்றன. பத்தாண்டுகள் தீர்ப்பெழுதிய ஒருவர் தம் பணியைத் தாமே நிதானமாக ஆராய்ந்து பார்ப்பதற்கான நீண்ட படிப்புதான் இல்லை. எம்.எல். என்னும் முதுநிலைச் சட்டப் பட்டம் முடித்தால் கூடுதல் ஊதிய உயர்வு உண்டு என்பதால் பலரும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடத்திட்டம் சட்டக் கல்லூரி ஆசிரியராகப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

முன்மாதிரி தேடுவோர் அமெரிக்காவைப் பார்க்கலாம். நீதிபதிகளுக்கென்றே ஒரு முதுநிலைப் பட்டத்தை வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1980-இல் தொடங்கியது. டியூக் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய படிப்பு, அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் நேரடி வகுப்புகளும் ஓர் ஆய்வேடும் என்ற வடிவம் கொண்டது. பிரான்சின் போர்டோவில் உள்ள தேசிய நீதித்துறைப் பள்ளியையும் பலர் சுட்டுவதுண்டு. அது பதவி ஏற்பதற்கு முன் தரப்படும் 31 மாதப் பயிற்சி. பணியிலிருப்பவருக்கான படிப்போடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வேலை, பட்டம் தருவது யார் என்பதை முடிவு செய்வதாகும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்குமே உண்டு. நீதித்துறை அகாடமி தனியே அதைத் தர இயலாது. மறுபுறம், அரசமைப்பின் 235-ஆவது உறுப்பின்படி கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம் இருப்பதால், அதன் இசைவின்றி எந்த நீதிபதியும் வகுப்புக்கு வர முடியாது. ஆகவே உயர் நீதிமன்றமும் ஒரு சட்டப் பல்கலைக்கழகமும் அகாடமியும் சேர்ந்து எழுத்துவழி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். படிப்பு நிலைப்பதும் முதல் அணியோடு நின்றுபோவதும் அந்த உடன்பாட்டின் வாசகத்தைப் பொறுத்தவை.

அதில் தயக்கமில்லாமல் எழுதப்பட வேண்டிய நிபந்தனைகள் சில உண்டு. வகுப்பு நாட்கள் பணி நாட்களாகக் கருதப்பட்டு, முடித்த வழக்குகளை அலகுகளாக்கி மாதந்தோறும் காட்ட வேண்டிய யூனிட் கணக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும்; இல்லாவிட்டால் படிக்க வந்தவர் வகுப்பறையில் அமர்ந்தபடியே நிலுவை வழக்குகளை எண்ணிக்கொண்டிருப்பார். மாறுதல் வந்தாலும் படிப்பு தொடர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மதிப்பெண்ணும் வகுப்பில் சொன்ன கருத்தும் அவருடைய பணிப் பதிவேட்டுக்குப் போகவே கூடாது என்பது. தாம் சொல்வது பதவி உயர்வில் எதிரொலிக்கும் என்று அஞ்சும் நீதிபதி, தம் ஐயங்களை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவர் பேசாவிட்டால் இந்தப் படிப்பே பயனற்றது. நீதிமன்றங்களில் பெரிய வழக்காடி அரசே என்பதால், செலவுத் தொகை எந்தத் துறையின் பெயரிலும் வராமல் உயர் நீதிமன்றத்தின் ஒதுக்கீட்டிலிருந்து வருவதே முறை. நிறுவனங்களின் நன்கொடையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாத விடுமுறை இருப்பதால், இரண்டு மே மாதங்களில் வகுப்புகளை வைப்பது எளிது. குற்றவியல் நடுவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குப் பொறுப்பு அலுவலரை முன்கூட்டியே நியமித்தாக வேண்டும். விடுமுறையை இழப்பவருக்கு ஈட்டிய விடுப்பு வரவு வைக்கப்படட்டும். ஓர் அணிக்கு இருபது பேர் போதும்.

பாடத்திட்டம் சட்டத்திலிருந்து தொடங்காமல், நீதிபதி நாள்தோறும் செய்யும் செயல்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களை அறிமுகப்படுத்த அகாடமியின் குறுகிய வகுப்புகளே போதும். இங்கே கற்பிக்க வேண்டியவை வேறு. நேரில் கண்ட சாட்சியின் நினைவு எப்படி மாறுகிறது, டி.என்.ஏ. அறிக்கையில் உள்ள நிகழ்தகவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு தர வேண்டிய சான்றிதழில் கேட்கப்படும் ஹேஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) உண்மையில் எதை உறுதிப்படுத்துகிறது என்பவற்றை உளவியலாளரும் புள்ளியியலாளரும் தடயவியல் அறிஞரும் வந்து நடத்த வேண்டும்.

தண்டனை விதிப்புக்கு ஒரு வாரத்தை முழுமையாக ஒதுக்கலாம். 1974-இல் அமெரிக்காவின் இரண்டாம் மேல்முறையீட்டுச் சரகத்தில் 50 நீதிபதிகளிடம் ஒரே வழக்குக் கோப்புகளைக் கொடுத்துப் பார்த்தபோது, மிரட்டிப் பணம் பறித்த ஒரு வழக்கில் தண்டனை 3 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை வேறுபட்டது. தண்டனைக்கான வழிகாட்டு நெறிகள் வகுக்கப்படாத நம் நாட்டில் இதே பயிற்சியைச் செய்ய ஒரு கற்பனைக் கோப்பும் இருபது மூடிய உறைகளும் போதும். உறைகளைப் பெயரின்றித் திறந்து, விதித்த தண்டனைக்கு அவரவர் எழுதிய காரணங்களை மட்டும் விவாதிக்க வேண்டும். எந்தத் தண்டனை சரியானது என்ற தீர்ப்பை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது.

தீர்ப்பெழுதும் பாடம் தமிழிலும் நடக்க வேண்டும். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதற்கு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே சட்டத்தில் இடமிருக்கிறது. ஆயினும் எழுவினா (வழக்கில் தீர்க்க வேண்டியதாக நீதிமன்றம் வகுக்கும் கேள்வி) ஒவ்வொன்றுக்கும் உரிய முடிவையும் காரணத்தையும், தோற்ற தரப்பினர் தாமே படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதுவது தனிக் கலை. பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தாம் முன்பு எழுதிய இரண்டு தீர்ப்புகளை, பெயர்களை நீக்கிக் கொண்டுவந்து சக நீதிபதிகளின் திருத்தத்துக்கு வைக்கலாம். மேல்முறையீட்டுக் காலம் முடிந்தவற்றை மட்டுமே எடுக்க வேண்டும். நிலுவையில் உள்ள எந்த வழக்கும் வகுப்புக்குள் வரக் கூடாது.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி நூலகத்துக்குள் போக வேண்டியதில்லை. தம் நீதிமன்றத்தில் வாய்தாக்கள் எந்தக் கட்டத்தில், எந்தக் காரணத்தால் குவிகின்றன என்பதை வழக்குக் கட்டுகளிலிருந்தே ஒருவர் எழுதலாம். தேசிய நீதித்துறைத் தரவுத் தளத்தின் எண்களோடு அதை ஒப்பிடவும் முடியும். வெளியிடுவதற்கு உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் என்பதால், அதைச் சேர்க்கையின்போதே பொது ஆணையாகப் பெற்றுவிடுவது நல்லது.

படிப்பின் பயனை அளக்க, மேல் நீதிமன்றத்தில் மாற்றப்பட்ட தீர்ப்புகளின் எண்ணிக்கையைப் பயன்படுத்த வேண்டாம். மாற்றப்பட்டது என்பதாலேயே ஒரு தீர்ப்பு தவறாகிவிடாது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் எழுதிய இரண்டு தீர்ப்புகளை வாங்கி, முன்பு கொண்டுவந்த இரண்டோடு கலந்து, எது முந்தியது என்று தெரியாத வெளி மதிப்பீட்டாளர் இருவரிடம் படிக்கக் கொடுக்கலாம்.