பனியில் முதல் படம்

தென் கொரியாவின் பூசானில் பிறந்த இயக்குநர் சோ யோங் கிம், 2006இல் வெளிவந்த தன் முதல் படமான ‘இன் பிட்வீன் டேஸ்’-ஐ டொராண்டோ குளிரில் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். நாயகி தொழில்முறை நடிகை அல்ல. அருமையான துணிச்சல் அது!

அந்த வழியில் இறங்குகிறவர்கள் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். குளிரில் சார்ஜ் மளமளவென இறங்கும். உபரி இரண்டைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளிப்புறக் காட்சி முடிந்ததும் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் பிரிக்காதீர்கள். அவசரப்பட்டால் லென்ஸில் ஈரம் பூத்துவிடும்.

ஒலிதான் பெரிய தலைவலி. தடித்த ஜாக்கெட் உரசும் சத்தம் காலர் மைக்கில் வசனத்தையே விழுங்கும். நீண்ட கம்பு முனையில் மாட்டிய பூம் மைக்கை நடிகரின் தலைக்கு மேல் இரண்டடிக்குள் பிடியுங்கள்.

புதுமுகங்களிடம் வசனத்தைத் திணிக்காமல், சூழலைச் சொல்லி ஷாட்டை நீளமாக ஓடவிடுங்கள்.