சின்ன ஊர் ஆஸ்பத்திரி அடுத்த கொள்ளைநோய்க்கு பணத்தை எப்படி தயார் பண்ணி வைக்கிறது

தாலுகா டவுன்லயோ அதுக்கும் உள்ள தள்ளியோ 15, 20 பெட் வச்சு ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்காக எழுதுறேன். 2020ல கொரோனா வந்தப்போ இவங்களுக்கு முதல் அடி நோயாளி கூட்டத்தால விழல, வருமானம் நின்னதால விழுந்துச்சு. பஸ் ஓடல, ஓபிக்கு ஆள் வரல, ஹெர்னியா கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் தள்ளிப்போச்சு, ஆனா சம்பளமும் கரண்ட் பில்லும் அப்படியே இருந்துச்சு, கடன் தவணையை ஆறு மாசம் தள்ளிக்கலாம்னு ஆர்பிஐ சொன்னாலும் வட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு. அதனால தயார் ஆகுறதுன்னா வென்டிலேட்டர்ல ஆரம்பிக்காதீங்க.

முதல்ல ஒரு நோட்டு போட்டு, ஒரு நோயாளி கூட வரலைன்னாலும் மாசா மாசம் கட்டியே ஆகவேண்டிய செலவை எழுதுங்க. அதுல மூணு மாச சம்பளமாவது தனியா எஃப்டில கிடக்கணும், ஒரே மாசத்துல முடியாது, கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. அந்த எஃப்டி மேலயே ஓவர்டிராஃப்ட் லிமிட் (தேவைப்படுறப்போ உடனே எடுத்துக்குற கடன் வசதி) இப்பவே வாங்கி வச்சுக்கங்க, நெருக்கடில பேங்க்ல போய் நின்னா பேப்பர் ஓடுறதுக்குள்ள மாசம் போயிடும்.

அடுத்தது ஆக்சிஜன், இதுலதான் பணம் கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள காலியாகும். ஜம்போன்னு சொல்ற டி டைப் சிலிண்டர்ல சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 5 லிட்டர் போற ஒரு நோயாளிக்கு கிட்டத்தட்ட 23 மணி நேரம் வரும், அதே சிலிண்டரை நிமிஷத்துக்கு 60 லிட்டர் இழுக்குற ஹை ஃப்ளோ மெஷின்ல மாட்டினா ரெண்டு மணி நேரம் கூட தாங்காது. அதனால நம்ம ஆஸ்பத்திரில எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுற நோயாளி வரைக்கும் பாக்கப்போறோம், எப்போ மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போறோம்னு முன்னாடியே எழுதி வைங்க, செலவுக்கு மட்டும் இல்ல உயிருக்கும் அதுதான் நல்லது.

கான்சன்ட்ரேட்டர், அதாவது காத்துல இருந்து ஆக்சிஜனை பிரிச்சுக் கொடுக்குற மெஷின் வாங்கினா டப்பாவோட மூடி வைக்காதீங்க, ஈரம் ஏறி உள்ள நைட்ரஜனை பிடிச்சு வைக்கிற ஸீயோலைட்ங்கிற பொருள் கெட்டுப்போகும், அப்பப்போ ஓடவிட்டு ஆக்சிஜன் அளவை செக் பண்ணுங்க. ஜெனரேட்டர் லோடும் பாத்துக்கங்க. ஆஸ்பத்திரியிலேயே ஆக்சிஜன் தயாரிக்கிற பிளான்ட் போடுறதுக்கு 2021 மே மாசம் மத்திய அரசு ரெண்டு கோடி வரைக்கும் 7.5 சதவீத வட்டி உச்சவரம்போட, அரசோட முழு கேரண்டியோட கடன் அறிவிச்சுது, நல்ல விஷயம்தான், ஆனா 20 பெட்டுக்கு தனியா பிளான்ட் போட்டா அலை ஓஞ்சப்புறம் கரண்டும் சர்வீஸும் நம்ம தலைல. பக்கத்து ஆஸ்பத்திரிகளோட சேந்து சப்ளையர்கிட்ட வருஷ ஒப்பந்தம் போடுறது எவ்வளவோ மேல். மாஸ்க், கையுறையும் அப்படியே சேந்து வாங்குங்க, எக்ஸ்பைரி கிட்ட வர்றதை முதல்ல வார்டுக்கு எடுங்க.

இன்னொண்ணு, ஒரு பெட்டுக்கு ஒரு நாள் நமக்கு ஆகுற செலவு எவ்வளவுன்னு கணக்கு தெரியணும். 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு தனியார் ஆஸ்பத்திரி கொரோனா ஐசியுக்கு நாளுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய்னு ரேட் வச்சுது. மறுபடியும் அப்படி ஒரு ரேட் வந்தா கட்டுப்படியாகுமான்னு அன்னைக்கே சொல்ல முடியணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இருக்கீங்கன்னா டிஸ்சார்ஜ் அன்னைக்கே பேப்பரை ஏத்துங்க, நிலுவைல கிடக்குற கிளைம் சம்பளத்துக்கு உதவாது.

கடைசியா நர்ஸுங்க. தனிமைப்படுத்தின நாளுக்கும் சம்பளம் உண்டு, கொரோனா மாதிரி டியூட்டிக்கு கூடுதல் இவ்வளவுன்னு எழுத்துல கொடுத்துடுங்க, அந்தத் தொகையையும் மேல சொன்ன மூணு மாசக் கணக்குல சேத்துக்கங்க.