வாசிக்கிறார்கள், புரியவில்லை: 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் வாசிப்பைக் கற்பிக்கும் முறை

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்தைப் பிழையின்றி உரக்க வாசித்து முடிக்கிறான். நூலை மூடச் சொல்லி, படித்ததைச் சொல் என்றால் மேற்கூரையைப் பார்க்கிறான். அதே வகுப்பில் இன்னொரு மாணவி ‘கொம்பு’ என்பதைக் ‘கெம்பு’ என்று வாசித்து இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுகிறாள். ஆனால் அந்தப் பத்தியை நாம் வாசித்துக் காட்டினால் அதில் யார் யாரை ஏமாற்றினார் என்பதுவரை விளக்குகிறாள். தேர்வில் இருவரும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைப் பெறுவார்கள். மெல்லக் கற்போர் பட்டியலில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருக்கும். மாலை வகுப்பில் இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள் கிடைக்கும். நான் பல ஆண்டுகள் செய்த தவறும் இதுதான்.

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை இரண்டு திறன்களின் பெருக்கற்பலனாக விளக்கினார்கள்: ஒன்று எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன், மற்றொன்று மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக அவர்கள் வைத்ததற்குக் காரணம், இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமாகிவிடும் என்பதே. மேலே சொன்ன மாணவனிடம் இரண்டாவதும் மாணவியிடம் முதலாவதும் குறைவாக இருக்கின்றன. ஆகவே எவரிடம் எது குறைகிறது என்று அறிவதே முதல் வேலை.

இதற்குப் பெரிய தேர்வு எதுவும் வேண்டாம். ஒரு மாணவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் செய்ய வேண்டும். மாணவர் பயிலும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழான பாடநூலிலிருந்து, இதுவரை படித்திராத இரண்டு பத்திகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் பத்தியை மாணவர் உரக்க வாசிக்கட்டும். தடுமாறும் சொற்களை உங்கள் படியில் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். பிறகு நூலை மூடி, படித்ததைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் பத்தியை நீங்கள் வாசித்து, கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதை நன்றாகவும் படித்ததை அரைகுறையாகவும் சொல்பவருக்கு எழுத்தில் சிக்கல் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவில் தட்டுத்தடுமாறிச் சொல்பவருக்குச் சொல்வளத்திலோ, நெடிய வாக்கியத்திலோ, பொருள் கோக்கும் பழக்கத்திலோ சிக்கல் இருக்கிறது. எழுத்தெல்லாம் சரியாக வந்தும் ஒவ்வொரு சொல்லாக எறும்பு ஊர்வதுபோல் நகர்பவர் மூன்றாம் வகையினர். அவருக்கு ஓட்டம் பழகவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவுகளைத் தமிழுக்குப் பொருத்த வேண்டாம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்ற ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களாக விரியும்.

எழுத்தில் சிக்கல் உள்ளவர்கள்

பதின்ம வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாதவரிடம் 247 எழுத்துகளின் அட்டவணையை மீண்டும் நீட்டினால் அவர் அன்றே நம்மைவிட்டு விலகிவிடுவார். உண்மையில் அவர் அறிய வேண்டியவை 12 உயிர்களும் 18 மெய்களும் 11 உயிர்க்குறிகளும் ஆய்தமுமே. உகர, ஊகார வரிசைகளில் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவற்றைத் தனியே பழக்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் சில இடங்களிலேயே குவிந்திருக்கும்: ஒலியில் பின்னால் வந்தாலும் எழுத்தில் முன்னால் நிற்கும் ெ, ே, ை குறிகள், இரண்டு பக்கமும் நிற்கும் கொ, கோ, குறில் நெடில் வேறுபாடு. இந்தக் கடைசிச் சிக்கலுக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன், பழைய ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் எழுதப்பட்டன என்பதையும், வீரமாமுனிவர் அவற்றை வேறுபடுத்திய பிறகே இன்றைய வடிவம் நிலைத்தது என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது. கொடு–கோடு, பல்–பால், எடு–ஏடு எனச் சோடி சோடியாக வைத்து நாளும் இருபது நிமிடம் பழக்கலாம். திருப்பூரிலும் சென்னையிலும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் பயில்கிறார்கள். ‘பாம்பு’ என்ற சொல்லில் இரண்டு பகரமும் ஒன்றுபோல் ஒலிக்காது என்பதை அவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அது காதுவழியே வந்துவிடுகிறது.

எதை வாசிக்கக் கொடுப்பது என்பதில் மானம் அடங்கியிருக்கிறது. பதினான்கு வயதுப் பையனின் கையில் அணில், ஆடு படம் போட்ட நூலை மற்றவர் பார்க்கக் கொடுக்கக் கூடாது. பேருந்தின் பெயர்ப்பலகை, மின்கட்டண அட்டை, நியாயவிலைக் கடையின் இருப்புப் பலகை, கிரிக்கெட் செய்தியின் தலைப்பு, கைப்பேசி ரீசார்ஜ் விவரம் ஆகிய யாவும் எளிய சொற்களால் ஆனவை, பெரியவர்களுக்கு உரியவையும்கூட. வகுப்பில் வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த வரிசை தன்னை நெருங்குவதற்குள் தண்ணீர் குடிக்கப் போகும் மாணவரையும், தொண்டை சரியில்லை என்பவரையும் எல்லா ஆசிரியரும் பார்த்திருப்போம். அவரை வாசிக்கவைத்தே தீர வேண்டும் என்றால், நாளை நீ வாசிக்கப்போவது இந்த நான்கு வரிதான் என்று முதல் நாளே காதோடு சொல்லிவிடுங்கள். அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார்.

முறையாகப் பழக்கியும் மூன்று நான்கு மாதங்களில் நகர்வே இல்லையென்றால், முதலில் கண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதன்பின் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றறிய வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகுங்கள்.

ஓட்டம் பழகாதவர்களுக்கு மருந்து எளியது: ஒரே பத்தியை மூன்று நான்கு முறை வாசித்தல். முதலில் ஆசிரியர் வாசிக்க, பிறகு எல்லோரும் சேர்ந்து, அதன்பின் இருவர் இருவராக. பேச்சில் எங்கே மூச்சு விடுவோமோ அங்கே பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ளச் சொன்னால், சொல் சொல்லாக வாசித்தவர் தொடர் தொடராக வாசிக்கத் தொடங்குவார்.

வினா கேட்பது கற்பித்தல் ஆகாது

பொருள் விளங்காமல் வாசிக்கும் மாணவர்தான் கடினமானவர், ஏனெனில் அவர் ஒளிந்துகொள்ள நம் வினாத்தாள்களே இடம் தருகின்றன. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘மாலை வேளையில் கிமிலி ஒரு பெரிய துமளத்தை நெவித்தது.’ இதில் கிமிலி எதை நெவித்தது, எப்போது நெவித்தது என்று கேட்டால் எவரும் முழு மதிப்பெண் வாங்கலாம். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுதும் இந்த வித்தையை நம் மாணவர்கள் ஐந்தாம் வகுப்புக்குள் கற்றுத் தேர்ந்துவிடுகிறார்கள். எஞ்சியதை உரைநூல்கள் பார்த்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் டொலோரஸ் டர்க்கின் 1978–79-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புகளின் வாசிப்புப் பாடவேளைகளை 4,469 நிமிடங்கள் உற்றுநோக்கியதில், புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர்கள் உண்மையிலேயே கற்பித்த நேரம் 20 நிமிடம்தான். மற்ற நேரத்தில் அவர்கள் வினாக்களைக் கேட்டுக்கொண்டும் விடைகளைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நம் வகுப்பறைகளில் அந்தக் கணக்கை எடுத்தால் வேறுவிதமாக இருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கற்பிப்பது என்றால், வாசிக்கும்போது நம் மனத்துக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவது. நான் ஏழாம் வகுப்புக்கு எழுதிப் பயன்படுத்திய ஒரு சிறு பத்தி இது: ‘பங்குனியிலேயே கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டது. இருப்பினும் ஊராட்சி மீன்பிடி ஏலத்தை ஒத்திவைக்கவில்லை. கடந்த ஆண்டு 80,000 ரூபாய்க்குப் போன ஏலம் இம்முறை 20,000-ஐத் தாண்டவில்லை. எடுத்தவர் முகத்தில் மட்டும் சிரிப்பு இருந்தது.’

முதல் வரியை வாசித்துவிட்டு நான் நிறுத்தினேன். ‘பங்குனியிலேயே’ என்று எழுதியிருக்கிறது, ‘பங்குனியில்’ என்று இல்லை. அப்படியானால் வழக்கமாக இதற்குப் பிறகுதான் வற்றும்போலிருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். ‘இருப்பினும்’ என்ற சொல்லைக் கண்டதும், நான் எதிர்பார்ப்பதற்கு மாறாக ஏதோ வரப்போகிறது, ஏலத்தைத் தள்ளிவைத்திருக்க வேண்டும், ஆனால் தள்ளிவைக்கவில்லை என்று முன்கூட்டியே ஊகித்துக் காட்டினேன். விலை ஏன் விழுந்தது என்று பத்தியில் எங்கும் சொல்லவில்லை. நீர் குறைந்ததையும் விலை விழுந்ததையும் நானாகக் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி வரியில், எனக்குப் புரியவில்லை, தண்ணீரே இல்லாத கண்மாயை எடுத்தவர் ஏன் சிரிக்கிறார் என்று கேட்டு அமைதியாக நின்றேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், விலை மலிவாகக் கிடைத்ததால் சிரித்தார் என்றார்கள். எழுத்துக் கூட்டவே திணறும், கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும், “தண்ணி கொறஞ்சா மீனெல்லாம் ஒரே எடத்துல சேந்துக்கும் சார், அள்ளிரலாம்” என்றான். அவன் தாத்தா கண்மாய்க் குத்தகை எடுத்தவர்.

இதில் வியப்பில்லை. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியொன்றை வாசிக்கக் கொடுத்தபோது, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மிகுதியாக நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஆகவே பாடத்தைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் அதன் உலகத்தைப் பற்றிப் பேசுவதை நேர விரயமாகக் கருத வேண்டாம். அறிவியலும் சமூக அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். அவர்களின் பாடநூலும் தமிழில்தான் இருக்கிறது.

தமிழுக்கே உரிய சில முடிச்சுகள்

நம் பிள்ளைகள் பேசும் தமிழும் படிக்கும் தமிழும் வேறு. ‘ஏனெனில்’, ‘ஆயினும்’, ‘மாறாக’, ‘எனவே’ போன்ற சொற்களை அவர்கள் வீட்டில் ஒருநாளும் கேட்பதில்லை. ஆகவே கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது, வாக்கியங்களுக்கு இடையிலான உறவும் போய்விடுகிறது. இதற்கு நான் கண்ட நல்ல பயிற்சி, வாக்கியத்தை இணைப்புச் சொல்லோடு நிறுத்திவிட்டு முடிக்கச் சொல்வது. ‘மழை நன்றாகப் பெய்தது. எனவே…’, ‘மழை நன்றாகப் பெய்தது. ஆயினும்…’ என இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், சொல் ஒன்று பொருளைத் திருப்பிவிடுவதை அவர்களே காண்பார்கள்.

அடுத்தது நெடுவாக்கியம். ‘புயலால் சேதமடைந்த படகுகளைச் சீரமைக்க அரசு அறிவித்த நிவாரணத்தைப் பெறாத மீனவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனு அளித்தனர்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்து, மனு அளித்தது யார் என்று கேட்டால், ‘அரசு’ என்ற விடை வகுப்புக்கு நான்கைந்தாவது வரும். பெயரெச்சங்கள் அடுக்கிக்கொண்டு முன்னே நிற்க, வினைமுற்று கடைசியில் வருவதால் நேரும் குழப்பம் இது. வாலிலிருந்து தலைக்குப் போகப் பழக்குங்கள்: அளித்தனர், யார்? மீனவர்கள். எதை? மனுவை. எந்த மீனவர்கள்? பெறாதவர்கள். எதைப் பெறாதவர்கள்? நிவாரணத்தை. யார் அறிவித்தது? அரசு. எதற்காக? இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை என்று வரையறையை ஒப்பிக்கவைக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால், அந்த இலக்கணத்துக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

சொல்வளத்தில், பாடத்தின் பின்னால் உள்ள அருஞ்சொற்பொருளை மனப்பாடம் செய்யவைப்பது அவ்வளவாக உதவாது. ‘ஒத்திவை’, ‘தவிர்’, ‘ஈடுசெய்’, ‘விளைவு’, ‘முன்வை’ போல எல்லாப் பாடங்களிலும் நடமாடும் சொற்களில் வாரத்துக்கு ஐந்தைத் தேர்ந்து, நீ கடைசியாக எதை ஒத்திவைத்தாய் என்று அவரவர் வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்.

பொறுப்பை மாணவரிடம் ஒப்படைத்தல்

ஆசிரியர் மட்டும் சிந்தித்துக் காட்டிக்கொண்டே இருந்தால் மாணவர் நல்ல பார்வையாளராகிவிடுவார். 1984-இல் ஆன்மேரி பாலின்சரும் ஆன் பிரவுனும், எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மாணவர் ஆசிரியராகிறார். அவர் பத்தியைச் சுருக்கிச் சொல்லி, ஒரு வினாக் கேட்டு, விளங்காத இடத்தைத் தெளிவுபடுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் இதை நான்கு நான்கு பேராகப் பிரித்து நடத்தலாம். தொடக்கத்தில் பிள்ளைகள் கேட்கும் வினாக்கள் வரியைப் பெயர்த்தவையாகவே இருக்கும். நூலில் விடை எழுதியிராத ஒரு வினாவாவது கேட்க வேண்டும் என்று கட்டளையிட்டால் இரண்டாம் வாரத்தில் மாறும். நான்கு வேலைகளும் சடங்காகிவிடும் ஆபத்தும் உண்டு. ‘எனக்கு எல்லாம் தெளிவு’ என்று ஒரு குழு வேகமாக முடித்தால், அங்கே போய் உட்கார்ந்து, எனக்கு மூன்றாம் வரி விளங்கவில்லை என்று நீங்களே தொடங்கிவையுங்கள். விளங்கவில்லை என்று சொல்வது வெட்கப்படும் செயலன்று என்பதை ஆசிரியர் வாயிலிருந்தே பிள்ளைகள் கேட்க வேண்டும்.

இவற்றோடு தடையில்லாத வாசிப்பும் வேண்டும். வாரம் இரண்டு முறை பதினைந்து நிமிடம், மதிப்பெண் இன்றி, அவரவர் விரும்பியதை வாசிக்கட்டும். பள்ளிக்கல்வித் துறை 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கென வெளியிடும் ‘தேன்சிட்டு’ இதழும், வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலைவாரியாக வந்த சிறு நூல்களும் பல அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. அவை பீரோவுக்குள் இருந்தால் சாவியை ஒரு மாணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை முதலில் செய்த ஐந்து நிமிடச் சோதனையைப் புதிய பத்திகளோடு திரும்பச் செய்து, ஒவ்வொருவருக்கும் ஏட்டில் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண்ணாக எழுதாமல் ‘ெ, ே குழப்பம் நீங்கியது, நெடுவாக்கியத்தில் எழுவாயைத் தவறவிடுகிறாள்’ என்பது போல எழுதினால், அடுத்த ஆறு வாரத்துக்கு எங்கே தொடங்குவது என்பது அந்த வரியிலேயே இருக்கும்.