ஹைக்கூ எழுதிப் பாக்கணுமா? ஒரு தவளைல இருந்து ஆரம்பிக்கலாம்

மூணு வரி எழுதி எண்டர் தட்டிட்டா ஹைக்கூன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். ஜப்பானுக்கு வேலைக்கு வந்தப்புறம்தான் அது வேற கணக்குன்னு புரிஞ்சுது.

ஸ்டெப் 1: ஒரு நல்ல ஹைக்கூவ சத்தமா படிங்க

1686ல ஜப்பான் கவிஞர் பாஷோ எழுதினது: ஃபுருஇகே யா / கவாஸு தொபிகொமு / மிஸு நொ ஒதோ. பழைய குளம், தவளை குதிக்குது, தண்ணி சத்தம், அவ்ளோதான். ஆனா அதுக்கு முன்னாடி ஜப்பான் கவிதைல தவளைன்னா அதோட குரலத்தான் பாடுவாங்க, இவரு கத்துறத விட்டுட்டு குதிக்கிற சத்தத்த புடிச்சாரு. முதல் வரிக்கு யமபுகிங்கிற மஞ்சப் பூவ வைக்கலாமேன்னு சிஷ்யர் கிகாகு சொன்னாராம், தவளையும் அந்தப் பூவும் பழைய பாட்டுல சேந்தே வர்ற ஜோடி, அதனாலயே பாஷோ அத விட்டுட்டு வெறும் குளத்த வச்சாருன்னு சொல்வாங்க.

ஸ்டெப் 2: பருவச் சொல் ஒண்ணு எடுங்க

இதுக்குப் பேரு கிகோ. தவளைன்னா வசந்தம், சில்வண்டுன்னா கோடை, வெறும் நிலான்னு போட்டா இலையுதிர்காலம். தர்பூசணி கூட இலையுதிர்காலக் கணக்குலதான் வருது, எனக்கு இன்னும் அது ஒத்துக்கல! இதையெல்லாம் அடுக்கி வச்ச புத்தகத்துக்கு சாய்ஜிகின்னு பேரு, அதுல புத்தாண்டுக்கு தனிப் பகுதியே உண்டு. ஒரே வார்த்தைல வெயில், காத்து, வாசனை எல்லாம் வந்துடறதால மிச்ச இடம் உங்களுக்கு.

ஸ்டெப் 3: நடுவுல ஒரு வெட்டு

மேல பாத்த 'யா' சும்மா அசைச்சொல் மாதிரி தெரியும், ஆனா குளத்தையும் தவளையையும் பிரிக்கிற கத்தி அதுதான். தமிழ்ல ஒரு கோடு போட்டாலே போதும். ரெண்டு காட்சிக்கும் நடுவுல 'போல', 'மாதிரி' போட்டு ஒட்டிடாதீங்க.

ஸ்டெப் 4: 5-7-5

மூணு வரிலயும் வரிசையா அஞ்சு, ஏழு, அஞ்சு அசை வரணும்ங்கிறது ஜப்பான் கணக்கு. அங்க மெய்யெழுத்தும் ஒண்ணுன்னு கணக்கு, நிப்போன்னா (ஜப்பானுக்கு அவங்க வச்ச பேரு) நி-ப்-போ-ன், நாலு. எழுத்த எண்ணிப் பாடுற நம்ம கட்டளைக் கலித்துறைங்கிற பா வகைல ஒற்ற (மெய்யெழுத்த) விட்டுட்டுதான் எண்ணுவோம், அதனால அந்த எண்ணிக்கைய தமிழ்ல அப்படியே புடிச்சு தொங்க வேணாம்.

ஸ்டெப் 5: போய் பாருங்க

ஹைக்கூங்கிற பேர நிலைக்க வச்ச கவிஞர் ஷிகி (1867–1902) சொன்னது, கண்ணால பாத்தத படம் வரையற மாதிரி எழுதுன்னு. நம்ம பாரதியும் 1916லயே சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதை பத்தி எழுதியிருக்காரு, அதுல அவருக்குப் புடிச்சதே அந்த சுருக்கம்தான்.

என் கதைய சொல்றேன். ஆகஸ்ட்ல பால்கனில காயப்போட்ட சட்டைல சில்வண்டு உரிச்சுப் போட்ட தோல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, முதுகுல ஒரு கீறல், உள்ள காலி, ஆனா ஆறு காலும் துணிய விடல. நான் முதல்ல எழுதினது:

வாழ்க்கை ஒரு காலிக்கூடு
சில்வண்டு போல
நானும் ஒருநாள் போவேன்

தத்துவம் வழியுது, சில்வண்டயே காணோம். மறுபடி போய் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு மாத்தினேன்:

சில்வண்டு உரிச்ச சட்டை —
கொடில காயுற என் சட்டைய
கெட்டியா புடிச்சிருக்கு