டர்பனில் வீட்டிலிருந்து இணையத்தில் விற்கிறீர்களா? ஏமாற்று வாங்குபவர்களைக் கண்டுகொள்ளும் செய்முறை

புரட்டாசி பிறந்துவிட்டால் டர்பனில் பித்தளைக்குத் தனி மவுசு. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பஞ்சபாத்திரம் எல்லாம் கேட்டு ஆள் வரும். அது முடிவதற்குள் தீபாவளிச் சேலை, முறுக்கு அச்சு, எவர்சில்வர் என்று அடுத்த சுற்று தொடங்கிவிடும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வீட்டிலிருந்தே ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் படம் போட்டு விற்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஏமாற்றுக்காரர்களும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருப்பார்கள். ஒரே நாளில் நாற்பது செய்தி வரும்போது எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது புதிதாக விற்கத் தொடங்குபவர்களுக்கான விளக்கம். அனுபவசாலிகள் மூன்றாம் படிக்கு நேராகப் போய்விடலாம்.

படி 1: படம் போடுமுன் செய்ய வேண்டியவை

விற்பனைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். சம்பளம் வரும் கணக்கோ சேமிப்புக் கணக்கோ வேண்டாம். வந்த பணத்தை அன்றன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால், ஏதாவது தப்பு நடந்தாலும் போவது கொஞ்சம்தான்.

பணம் பெறுவதற்கு நீங்கள் தர வேண்டியது வங்கியின் பெயர், கணக்கு எண், உங்கள் பெயர், அவ்வளவுதான். வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேஷாப் வைத்திருந்தால் கைப்பேசி எண்ணே போதும். அட்டையின் முன்பக்க எண், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், ஓடிபி, பின் எண், செயலியில் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்துவது, இவை எல்லாமே பணம் வெளியே போவதற்கான வழிகள். “பணத்தைப் பெற்றுக்கொள்ள இதை நிரப்புங்கள்” என்று எவர் எந்தச் சுட்டியை அனுப்பினாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். கூரியர் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் அச்சு அசலாக இருக்கும் பக்கமாகவே அது இருக்கும். “உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது, எந்த அட்டையில் வரவு வைக்க?” என்று கேட்கும். அட்டை எண்ணைத் தட்டிய அடுத்த நிமிடம் வங்கியிலிருந்து ஓடிபி வரும். அது யாருக்காக வந்தது என்று யோசித்தாலே புரிந்துவிடும்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இது பழகிய கதைதான். அங்கே யூபிஐயில் “கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்” என்பார்கள். இங்கே வேஷம் மட்டும் வேறு.

படம் எடுக்கும்போது வீட்டு எண், வாசல் கேட், கார் நம்பர் பிளேட் எதுவும் பின்னணியில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் பத்து செய்திகளிலேயே ஆளைப் படியுங்கள்

நிஜமாக விளக்கு வாங்க வருபவர் என்ன கேட்பார்? எத்தனை கிலோ, உள்ளே ஈயம் ஊற்றியிருக்கிறதா, நாச்சியார்கோவில் வேலைப்பாடா, முகத்தில் கீறல் உண்டா, கடைசி விலை என்ன. சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி ஒருவர் பேரம் பேசாமல் பித்தளை வாங்கினால் அன்று கடலே திரும்பி ஓடும். ஏமாற்ற வருபவருக்குப் பொருள்மேல் அக்கறை கிடையாது. விலையும் கேட்கமாட்டார், அளவும் கேட்கமாட்டார். நேராகக் கணக்கு எண்ணுக்கு வந்துவிடுவார்.

கூடவே ஒரு கதையும் வரும். நான் கப்பலில் வேலை செய்கிறேன், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன், அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு, அதனால் நேரில் வரமுடியாது. நம்பிக்கைக்காக அடையாள அட்டையின் படத்தையும் தாமாகவே அனுப்புவார்கள். அந்த அட்டை பெரும்பாலும் இதற்கு முன் ஏமாந்த வேறொருவருடையதாக இருக்கும். பதிலுக்கு உங்களுடையதை அனுப்பினால் அடுத்த விற்பனையாளருக்கு அது போகும். அட்டைப் படத்தை எந்தக் காரணத்துக்கும் அனுப்பாதீர்கள்.

“நீங்கள் உண்மையான ஆளா என்று பார்க்க ஓர் எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்” என்றால், உங்கள் வாட்ஸ்அப்பையே பிடுங்கப் பார்க்கிறார் என்று பொருள்.

முகநூல் கணக்கு எப்போது திறந்தது என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் பழைய கணக்கு என்றால் நல்ல ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருடப்பட்ட கணக்குகளும் பழையவைதான்.

படி 3: பணம் வந்ததற்கான ஒரே சாட்சி உங்கள் வங்கிச் செயலி

தென்னாப்பிரிக்காவில் ஏமாறும் விற்பனையாளர்களில் நிறையப் பேர் விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பேச்சு இப்படிப் போகும். ஆங்கிலத்தில்தான் வரும், நான் தமிழில் தருகிறேன்.

“விளக்கு இருக்கா ஆன்ட்டி?”

“இருக்குப்பா. இரண்டடி, 2,200 ராண்டு.”

“சரி, எடுத்துக்கிறேன். அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க.”

ஐந்து நிமிடத்தில் ஒரு பிடிஎஃப் வரும். மேலே வங்கிச் சின்னம், கீழே 2,200 ராண்டு.

“பணம் போட்டாச்சு. வண்டி அனுப்பியிருக்கேன், டிரைவர் பத்து நிமிஷத்துல வந்துடுவார்.”

“கணக்கில் இன்னும் ஏறலையேப்பா.”

“என்னுது வேற பேங்க் ஆன்ட்டி, லேட்டாத்தான் காட்டும். ப்ரூஃப் அனுப்பியிருக்கேனே! டிரைவர் வாசல்ல நிக்கிறார், எனக்கு மீட்டர் ஏறுது.”

வாசலில் வண்டி நிற்பது நிஜம். ஓட்டுநருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. டாக்ஸிச் செயலியில் ஒரு பொட்டலம் எடுக்கச் சொல்லி வந்த சவாரிக்கு வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து நமக்குச் சங்கடமாகிவிடுகிறது. அந்தச் சங்கடத்தில்தான் விளக்கு வண்டி ஏறுகிறது.

இதில் “வேற பேங்க், லேட்டாகும்” என்பது பொய்யும் இல்லை. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சாதாரண ஈஎஃப்டி (மின்னணுப் பணப் பரிமாற்றம்) போட்டால் ஒன்றிரண்டு வேலை நாள் ஆகலாம். வெள்ளிக்கிழமை மாலை போட்டது திங்கள் தாண்டியும் வரலாம். அதனால்தான் இவர்கள் வெள்ளி மாலையில் வருகிறார்கள். மின்வெட்டு நேரமென்றால் இன்னும் வசதி, “நெட்வொர்க் இல்லை, அதான் மெசேஜ் வரலை” என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிடிஎஃபை உருப்பெருக்கிப் பார்த்து எழுத்துரு மாறியிருக்கிறதா, தேதி சரியா என்று ஆராயச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நன்றாகச் செய்த போலியை நம் கண் பிடிக்காது. தாள் அசலாகவே இருந்தாலும், பிறகொரு தேதியில் போகும்படி போட்ட பணமாக இருந்தால் பிறகு ரத்து செய்துவிட முடியும். ஆகவே தாளைப் பார்க்கவே வேண்டாம். குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம், வங்கியின் பெயரில் யாரும் அனுப்பலாம். உங்கள் செயலியை நீங்களே திறந்து, ‘பயன்படுத்தக்கூடிய இருப்பு’ என்ற வரியில் தொகை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். மொத்த இருப்பில் இன்னும் தெளியாத தொகையும் சேர்ந்து தெரியலாம்.

அவசரமென்றால் அவருக்கு வழி இருக்கிறது. உடனடிப் பரிமாற்றமாகப் போடச் சொல்லுங்கள், கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள். 2023இல் வந்த பேஷாப்பில் நொடிகளில் ஏறிவிடும். “உடனடியாகப் போடுங்கள், ஏறியதும் தருகிறேன்” என்ற ஒரு வரிக்கு நிஜ வாங்குபவர் சரி என்பார். மற்றவர் கோபப்படுவார், அல்லது காணாமல் போவார்.

பேஷாப்பிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி அதில் உண்டு. அப்படி ஒன்று உங்களுக்கு வந்து, நீங்கள் ஒப்புக்கொண்டால் பணம் போவது உங்கள் கணக்கிலிருந்துதான்.

“பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, கூரியர் எண்ணை அனுப்பினால் விடுவிக்கப்படும்” என்று வங்கி எழுதியதுபோல மின்னஞ்சல் வந்தால் நேராகக் குப்பைக்கு. ஈஎஃப்டியில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. காசோலை தருகிறேன் என்பவரிடம் பேசவே வேண்டாம், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு இந்த நாட்டில் காசோலை செல்லாது.

படி 4: பணம் வந்துவிட்டது. யாரிடமிருந்து?

இதைப் பலர் யோசிப்பதில்லை. பணம் நிஜமாகவே கணக்கில் ஏறியிருக்கும், ஆனால் அனுப்பியவர் பெயர் வேறாக இருக்கும். எப்படி நடக்கிறது என்றால், ஏமாற்றுக்காரர் இன்னொருவருக்கு இல்லாத வீட்டை வாடகைக்குக் காட்டி, முன்பணத்தை உங்கள் கணக்கில் போடச் சொல்லியிருப்பார். உங்களிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். ஏமாந்தவர் போலீசில் கொடுக்கும் கணக்கு எண் உங்களுடையது. வங்கி கணக்கை முடக்கிவிட்டால், நீங்கள் திருடவில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியது நீங்கள்தான்.

அதனால் இரண்டு வழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு குறிப்புச் சொல் கொடுங்கள், ‘விளக்கு மெர்பேங்க்’ என்பதுபோல. பணம் போடும்போது அதையே எழுதச் சொல்லுங்கள். வாடகை என்றோ டெபாசிட் என்றோ குறிப்பு வந்தால் பொருளைத் தராதீர்கள். அடுத்தது, “தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்றால் நீங்களாக எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் வங்கியைக் கூப்பிட்டு, வந்த பணத்தை வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். நிஜமாகத் தவறு செய்தவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

படி 5: கைமாற்றும் இடம்

முன்பின் தெரியாதவரை வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். இந்த ஊரில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து அதுதான். பகலில், பேரங்காடிக்குள், காவலாளியும் கேமராவும் உள்ள இடத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு சந்தியுங்கள். வாகன நிறுத்தத்தில் வேண்டாம்.

ரொக்கம் என்றால் பணம் வாங்கும் ஏடிஎம் பக்கத்திலேயே சந்திப்பது வசதி. கள்ளநோட்டை இயந்திரம் துப்பிவிடும், கையில் கட்டுப்பணத்தோடு வெளியே நடக்கவும் வேண்டாம். அது இல்லாத இடத்தில் 200 ராண்டு நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மண்டேலாவின் முகம் நீர்க்குறியாகத் தெரிய வேண்டும்.

தூரத்துக்கு அனுப்புவதென்றால் கூரியரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். பெப் கடைகளில் இயங்கும் பாக்ஸி பொட்டலச் சேவையோ லாக்கர் சேவையோ, எதுவானாலும் பணம் ஏறிய பிறகுதான் கட்ட வேண்டும். “கூரியர்காரர் ரொக்கத்தோடு வருகிறார், காப்பீட்டுக் கட்டணம் மட்டும் முன்னால் போடுங்கள்” என்பதும் பழைய தந்திரம். விற்கிற நாம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பொட்டலம் கட்டும்போது கைப்பேசியில் ஒரு சின்ன காணொளி எடுத்துவையுங்கள். விளக்கின் அடிப்பகுதியில் உள்ள முத்திரையும் ஏதாவது தனி அடையாளமும் அதில் தெரியட்டும். 2002ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டப்படி, வியாபாரமாக இணையத்தில் விற்பவரிடம் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அது வாங்குபவரின் உரிமை, மறுக்காதீர்கள். ஆனால் திரும்பி வருவது நீங்கள் அனுப்பிய விளக்குதானா, பழைய ஒன்றா என்று பார்க்க அந்தக் காணொளி வேண்டும்.

மாட்டிக்கொண்டால்

முதலில் வங்கி. அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு, அந்த நிமிடமே. எதிராளி பணத்தை ஏடிஎம்மில் எடுப்பதற்குள் கணக்கைப் பிடித்தால்தான் ஏதாவது மீளும். அப்புறம் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். அது இல்லாமல் வங்கியில் அடுத்த கட்டம் நகர்வது கடினம். அரட்டை முழுவதையும், எண்ணோடும் நேரத்தோடும் படம் பிடித்துவையுங்கள். கோபத்தில் அழித்துவிட்டுப் போலீசுக்குப் போகிறவர்கள் உண்டு.

அடையாள அட்டைப் படம் வெளியே போயிருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கடன் தருபவருக்கு எச்சரிக்கை காட்டும். அதே அமைப்பின் யீமா தளத்தில் ஏமாற்றியவரின் எண்ணையும் புகாராகப் பதியலாம்.

வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை முடக்குவதைப் போலீசில் புகார் பதிவான பிறகு செய்யுங்கள். அதுவரை அவர் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கட்டும், எல்லாம் வழக்குக்கு உதவும்.